1958 பார்முலா ஒன்று தொடர்: சிறந்த ஓட்டுநர் யார்?

1958ஆம் ஆண்டின் உலக மோட்டார் பந்தய ஓட்டுநர் பட்டத்தை வென்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த மைக் ஹாதோர்ன். அவருக்குக் கிடைத்த புள்ளிகள் 42. இரண்டாம் இடம் பெற்ற ஸ்டர்லிங் மோஸும் அதே நாட்டுக்காரர்தான். அவருக்குக் கிடைத்தவை 41. அந்த ஆண்டு மோஸ் நான்கு போட்டிகளில் வென்றார். ஹாதோர்ன் வென்றது ஒரே ஒரு போட்டியில். மூன்றாம் இடத்துக்கு வந்த டோனி புரூக்ஸ்கூட மூன்று போட்டிகளில் வென்றிருந்தார்.

ஒரு வெற்றி பெற்றவர் முதலிடத்திலும், நான்கு வெற்றி பெற்றவர் இரண்டாமிடத்திலும் எப்படி வந்தார்கள்? அந்த ஆண்டில் மிகச் சிறப்பாகக் கார் ஓட்டியவர் உண்மையில் யார்? அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் மோட்டார் பந்தய ஆர்வலர்கள் இதைப் பற்றி வாதாடி வருகிறார்கள். இந்தத் தொடரில் என்ன நடந்தது, புள்ளிகள் எப்படிக் கணக்கிடப்பட்டன, ஒவ்வொருவர் பக்கத்திலும் உள்ள நியாயம் என்ன என்பதை இக்கட்டுரை வரிசையாகச் சொல்கிறது.

தொடரின் பின்னணி

பார்முலா ஒன்று உலகப் போட்டி 1950இல் தொடங்கியது. அதன் முதல் எட்டு ஆண்டுகளில் ஐந்து முறை பட்டம் வென்றவர் அர்ஜென்டினாவின் ஹுவான் மானுவேல் ஃபாஞ்சியோ. 1958இல் அவர் இரண்டு போட்டிகளில் மட்டும் கலந்துகொண்டு ஓய்வு பெற்றார். எனவே அந்த ஆண்டு பட்டம் புதிய ஒருவருக்குப் போவது உறுதியாக இருந்தது. அதுவரை ஒரு பிரித்தானியர்கூட அதை வென்றதில்லை.

போட்டியில் முன்னணியில் இருந்தவை இரண்டு அணிகள். ஒன்று, இத்தாலியின் ஃபெராரி. ஹாதோர்ன், பீட்டர் காலின்ஸ், இத்தாலியரான லுய்கி முஸ்ஸோ ஆகியோர் அந்த அணிக்காக ஓட்டினார்கள். ஹாதோர்னும் காலின்ஸும் நெருங்கிய நண்பர்கள். மற்றொன்று, இங்கிலாந்தின் வான்வால். எஞ்சின் பேரிங்குகள் தயாரிக்கும் தொழிலதிபரான டோனி வாண்டர்வெல் என்பவர் தம் சொந்தப் பணத்தில் நடத்திய அணி அது. மோஸ், புரூக்ஸ், ஸ்டூவர்ட் லூயிஸ்-எவன்ஸ் ஆகிய மூவரும் வான்வாலின் ஓட்டுநர்கள்.

அந்த ஆண்டு விதிகளிலும் பெரிய மாற்றங்கள் வந்தன. ஆல்கஹால் கலந்த எரிபொருள் தடை செய்யப்பட்டு, விமானப் பெட்ரோல் கட்டாயமாக்கப்பட்டது. போட்டிகளின் தூரம் குறைக்கப்பட்டது. ஒரே காரை இருவர் மாறி மாறி ஓட்டிப் புள்ளியைப் பங்கிட்டுக்கொள்ளும் பழைய வழக்கமும் நின்றது. தயாரிப்பாளர்களுக்கென்று தனிக் கோப்பை முதன்முதலாக வழங்கப்பட்டதும் இந்த ஆண்டில்தான்.

புள்ளிக் கணக்கு

அப்போதைய முறை இப்படி இருந்தது. முதல் ஐந்து இடங்களுக்கு முறையே 8, 6, 4, 3, 2 புள்ளிகள். போட்டியில் மிகக் குறைந்த நேரத்தில் ஒரு சுற்றை முடித்தவருக்கு, அதாவது அதிவேகச் சுற்று ஓட்டியவருக்கு, கூடுதலாக 1 புள்ளி. தொடரில் மொத்தம் 11 போட்டிகள். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 போட்டியும் அதில் சேர்த்தி. ஆனால் ஐரோப்பிய ஓட்டுநர்களில் பெரும்பாலோர் அதற்குப் போவதில்லை. ஆகவே மோஸ், ஹாதோர்ன் இருவரும் கலந்துகொண்டவை 10 போட்டிகள்.

ஒரு முக்கியமான விதி இன்னும் இருக்கிறது. ஒருவர் பெற்ற எல்லாப் புள்ளிகளும் கணக்கில் வராது. அவருடைய மிகச் சிறந்த ஆறு போட்டிகளின் புள்ளிகள் மட்டுமே கூட்டப்படும். பருவத் தேர்வுகளில் குறைந்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு நல்ல மதிப்பெண்களை மட்டும் எடுத்துக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு இது. அடிக்கடி பழுதாகும் கார்களால் ஓட்டுநர் பாதிக்கப்படக்கூடாது என்பதே இதன் நோக்கம்.

ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை

முதல் போட்டி ஜனவரி 19 அன்று அர்ஜென்டினாவின் பியூனஸ் ஐரிஸ் நகரில் நடந்தது. புதிய எரிபொருளுக்கு எஞ்சினை மாற்றும் வேலை முடியாததால் வான்வால் அங்கு வரவில்லை. அதனால் மோஸ், ராப் வாக்கர் என்பவரின் தனியார் அணிக்காகச் சிறிய கூப்பர் கார் ஒன்றை ஓட்டினார். மற்ற கார்களில் ஓட்டுநருக்கு முன்னால் எஞ்சின் இருக்கும். இதில் அது பின்னால் இருந்தது. விதி 2.5 லிட்டர் எஞ்சினை அனுமதித்தபோது, இதன் எஞ்சின் ஏறத்தாழ 2 லிட்டர்தான்.

கூப்பரில் ஒவ்வொரு சக்கரமும் நான்கு போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருந்தது. டயர் மாற்ற நின்றால் நேரம் வெகுவாகப் போய்விடும். ஆகவே நிற்காமலே ஓட்டி முடிப்பது என்று மோஸும் வாக்கரும் முடிவு செய்தார்கள். எதிரணிகளுக்குச் சந்தேகம் வராமலிருக்க, டயர்களை எடுத்து வைத்துத் தயாராக இருப்பதுபோல் பிட் பகுதியில் நடித்தார்கள். மோஸ் நின்றுதான் ஆகவேண்டும் என்று நம்பிய ஃபெராரி அணி அவசரப்படவில்லை. கடைசியில் ரப்பர் தேய்ந்து உள்துணி தெரிந்த டயர்களோடு, இரண்டாவதாக வந்த முஸ்ஸோவைவிட மூன்று விநாடிகளுக்கும் குறைவான இடைவெளியில் மோஸ் வென்றார். உலகப் போட்டியில் பின்புற எஞ்சின் கார் பெற்ற முதல் வெற்றி அது. ஹாதோர்ன் மூன்றாவதாக வந்தார்.

மே மாதம் மொனாக்கோவில் இருவருமே முடிக்கவில்லை. ஆனால் நின்றுபோவதற்கு முன்பே ஹாதோர்ன் அதிவேகச் சுற்றை ஓட்டி 1 புள்ளி பெற்றிருந்தார். அடுத்து நெதர்லாந்தின் சான்ட்வோர்ட்டில் மோஸ் வென்று அதிவேகச் சுற்றையும் எடுத்தார். ஹாதோர்ன் ஐந்தாவதாக வந்தார்.

ஜூன் 15 அன்று பெல்ஜியத்தின் ஸ்பா-பிராங்கோர்ஷாம்பில் மோஸ் தாமே ஒரு பிழை செய்தார். முதல் சுற்றிலேயே கியர் சரியாக விழாமல் எஞ்சின் வரம்பு மீறிச் சுழன்று கெட்டுவிட்டது. முன்னணியில் இருந்தவர் அத்தோடு போட்டியிலிருந்து விலகினார். புரூக்ஸ் வென்றார். ஹாதோர்ன் இரண்டாமிடமும் அதிவேகச் சுற்றும் பெற்றார்.

ஜூலை 6 அன்று பிரான்சின் ரான்ஸ் நகரில் ஹாதோர்ன் தம் ஒரே வெற்றியைப் பெற்றார். அவருக்கு 9 புள்ளிகள். மோஸ் இரண்டாவது. ஃபாஞ்சியோவின் கடைசிப் போட்டியும் அதுவே. ஃபாஞ்சியோவை ஒரு முழுச் சுற்று முந்திச் செல்லும் நிலை வந்தபோது, அந்த மூத்தவருக்கு அப்படியொரு சிறுமையை உண்டாக்க மனமில்லாமல் ஹாதோர்ன் வேகத்தைக் குறைத்தார் என்று சொல்வார்கள். ஆனால் அன்று கொண்டாட இடமில்லை. ஹாதோர்னைத் துரத்திச் சென்ற முஸ்ஸோவின் கார் பாதையை விட்டு விலகிக் கவிழ்ந்து, அவர் இறந்துபோனார்.

ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் காலின்ஸ் வென்றார். ஹாதோர்ன் இரண்டாமிடத்தோடு அதிவேகச் சுற்றையும் பெற்றார். மோஸின் எஞ்சின் பழுதானது. பதினைந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 3 அன்று, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் மோஸ் முன்னிலையில் போய்க்கொண்டிருந்தபோது காரின் மேக்னெட்டோ செயலிழந்தது. அதிவேகச் சுற்றுக்கான 1 புள்ளி மட்டுமே அவருக்கு மிஞ்சியது. புரூக்ஸ் பின்னாலிருந்து நெருங்கி வந்து, இரண்டு ஃபெராரிகளையும் கடந்து முன்னிலை பெற்றார். அவரை விடாமல் துரத்திய காலின்ஸ் விபத்தில் சிக்கி இறந்தார். தம் நண்பரின் கார் தூக்கியெறியப்பட்டதைப் பின்னால் வந்த ஹாதோர்ன் கண்ணெதிரே பார்த்தார். சிறிது தூரத்தில் அவருடைய காரும் பழுதாகி நின்றது.

போர்ட்டோவில் நடந்தது

ஆகஸ்ட் 24 அன்று போர்ச்சுகல் நாட்டின் போர்ட்டோ நகரில் நடந்த போட்டியே இந்த வாதத்தின் மையம். நகரத்தின் பொதுச் சாலைகளில்தான் ஓட்டம். கல் பதித்த தெருக்களும், டிராம் தண்டவாளங்களும் பாதையில் குறுக்கிட்டன.

மோஸ் எளிதாக முன்னிலை பெற்றார். போட்டியின் நடுவே, அதுவரை இருந்த மிக வேகமான சுற்றைவிட வேகமாக ஹாதோர்ன் ஒரு சுற்றை ஓட்டினார். வான்வால் அணியினர் இதை அறிவிப்புப் பலகையில் எழுதி மோஸுக்குக் காட்டினார்கள். ஹாதோர்ன் சாதனைச் சுற்று ஓட்டிவிட்டார் என்பதைக் குறிக்க, 'ரெகார்டு' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளை எழுதியிருந்தார்கள். வேகமாகப் போன மோஸ், கடைசி எழுத்தான 'சி'யை 'ஜி' என்று படித்துவிட்டார். ஹாதோர்ன் 'ரெகுலராக', அதாவது வழக்கமான வேகத்தில், வருகிறார் என்று அவர் எடுத்துக்கொண்டார். அதனால் அந்த ஒரு புள்ளியை மீட்க அவர் முயலவே இல்லை. அவரிடம் வேகம் கையிருப்பில் இருந்தது. இரண்டாவதாக வந்தவரைவிட அவர் ஐந்து நிமிடத்துக்கும் மேல் முன்னால் முடித்தார் என்பதே அதற்குச் சான்று.

இரண்டாவது நிகழ்ச்சி கடைசிச் சுற்றில் நடந்தது. ஹாதோர்னின் பிரேக்குகள் தேய்ந்துபோய், அவர் ஒரு திருப்பத்தில் தவறி நின்றார். எஞ்சின் அணைந்துவிட்டது. மேட்டுப் பக்கம் தள்ளிப் பார்த்தும் கார் கிளம்பவில்லை. பிறகு காரைத் திருப்பி, இறக்கத்தில் உருட்டிக் கிளப்பிக்கொண்டு வந்து இரண்டாமிடத்தில் முடித்தார். போட்டி போகும் திசைக்கு எதிராகக் காரைச் செலுத்தினார் என்று புகார் எழுந்தது. பந்தயப் பாதையில் எதிர்த்திசையில் போனால் தகுதி நீக்கம் என்பது விதி.

விசாரணையில் ஹாதோர்னுக்காகச் சாட்சி சொன்னவர் மோஸ். ஹாதோர்ன் காரை எதிர்த்திசையில் தள்ளியது நடைபாதையில்தானே தவிர பந்தயப் பாதையில் அல்ல என்று, தாம் கண்டதை நடுவர்களிடம் அவர் சொன்னார். நடுவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஹாதோர்னின் இரண்டாமிடமும், அதிவேகச் சுற்றும் சேர்ந்து 7 புள்ளிகளாக நிலைத்தன. பட்டத்துக்குத் தம்மோடு மோதிக்கொண்டிருந்தவர் அவர்தான் என்பது மோஸுக்கு அப்போதே நன்றாகத் தெரியும்.

காசாபிளாங்கா: கடைசிப் போட்டி

செப்டம்பர் 7 அன்று இத்தாலியின் மோன்சாவில் புரூக்ஸ் மூன்றாவது முறையாக வென்றார். கிளட்ச் நழுவிய நிலையிலும் ஹாதோர்ன் இரண்டாமிடத்தைக் காத்துக்கொண்டார். மோஸின் கியர்பெட்டி பழுதானது.

கடைசிப் போட்டி அக்டோபர் 19 அன்று மொராக்கோவின் காசாபிளாங்கா நகரில். அப்போது சிறந்த ஆறு போட்டிக் கணக்கில் ஹாதோர்னிடம் 40 புள்ளிகள், மோஸிடம் 32. மோஸ் வென்று, அதிவேகச் சுற்றையும் எடுத்தால் 41 ஆகும். ஹாதோர்ன் இரண்டாவதாக வந்தால், அவருடைய ஆறில் மிகக் குறைந்ததான 4 போய் 6 வரும். மொத்தம் 42. மூன்றாவதாக வந்தால் மாற்றமே இல்லை, 40தான். ஆகவே ஹாதோர்னுக்கு இரண்டாமிடம் போதும். அதற்குக் கீழே போகக்கூடாது.

மோஸ் தம் கடமையைக் குறையில்லாமல் செய்தார். போட்டியை வென்றார். அதிவேகச் சுற்றும் அவருடையதே. ஆனால் இரண்டாமிடத்தில் போய்க்கொண்டிருந்த ஃபெராரியின் ஃபில் ஹில், அணியின் ஏற்பாட்டின்படி ஹாதோர்னுக்கு வழிவிட்டார். ஹாதோர்னை மூன்றாமிடத்துக்குத் தள்ளக்கூடியவராக இருந்த புரூக்ஸின் எஞ்சின் உடைந்துபோயிருந்தது. மோஸுக்கு ஒரு நிமிடத்துக்கும் மேல் பின்னால் ஹாதோர்ன் முடித்தார். ஆனால் 42க்கு 41 என்ற கணக்கில் உலகப் பட்டம் அவருக்கே சென்றது.

இருவரின் கணக்கையும் வரிசையாகப் பார்ப்போம்.

மோஸ்: அர்ஜென்டினா 8, நெதர்லாந்து 9, பிரான்சு 6, ஜெர்மனி 1, போர்ச்சுகல் 8, மொராக்கோ 9. மொத்தம் 41.

ஹாதோர்ன்: பிரான்சு 9, பெல்ஜியம் 7, பிரிட்டன் 7, போர்ச்சுகல் 7, இத்தாலி 6, மொராக்கோ 6. மொத்தம் 42. அர்ஜென்டினா 4, நெதர்லாந்து 2, மொனாக்கோ 1 ஆகிய 7 புள்ளிகள் கழிக்கப்பட்டன.

போர்ட்டோவில் ஹாதோர்ன் தகுதி நீக்கம் செய்யப்பட்டிருந்தால் அந்த 7 போய், அர்ஜென்டினாவின் 4 உள்ளே வந்திருக்கும். அவருடைய மொத்தம் 39 ஆகி, 41 பெற்ற மோஸ் பட்டம் வென்றிருப்பார். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பலகையை மோஸ் சரியாகப் படித்து அந்த அதிவேகச் சுற்றை மட்டும் மீட்டிருந்தாலே மோஸுக்கு 42, ஹாதோர்னுக்கு 41 என்று கணக்கு தலைகீழாகியிருக்கும்.

விதியை மாற்றிப் பார்த்தால்

பார்முலா ஒன்றின் புள்ளி முறை பலமுறை மாறியிருக்கிறது. இருவரும் 1958இல் பெற்ற அதே இடங்களுக்கு வெவ்வேறு கால விதிகளைப் பொருத்திப் பார்த்தால் கிடைக்கும் விடைகள் இவை. மாணவர்கள் தாமே ஒருமுறை கூட்டிச் சரிபார்க்கலாம்.

1. 1958 விதியே, ஆனால் எல்லாப் போட்டிகளையும் சேர்த்தால்: ஹாதோர்ன் 49, மோஸ் 41.

2. 1960இல் அதிவேகச் சுற்றுக்கான புள்ளி நீக்கப்பட்டது. அதன்படி சிறந்த ஆறு போட்டிகள்: ஹாதோர்ன் 38, மோஸ் 38. சமம்.

3. 1961இல் முதலிடத்துக்கு 9 புள்ளிகள் ஆயின. அதன்படி சிறந்த ஆறு போட்டிகள்: மோஸ் 42, ஹாதோர்ன் 39.

4. 1991இல் முதலிடத்துக்கு 10 புள்ளிகள், எல்லாப் போட்டிகளும் கணக்கில்: ஹாதோர்ன் 46, மோஸ் 46. மறுபடியும் சமம்.

5. 2003இல் முதலிடத்துக்கு 10, இரண்டாமிடத்துக்கு 8: ஹாதோர்ன் 60, மோஸ் 48.

6. 2010இல் வந்த 25, 18, 15, 12, 10 என்ற முறை, அதிவேகச் சுற்றுக்குப் புள்ளி இல்லாமல்: ஹாதோர்ன் 140, மோஸ் 118.

இரண்டு முறை சமம் வருகிறது. அந்த இடத்தில் வெற்றிகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் மோஸ் முந்துகிறார். 'நான்கு வெற்றி பெற்றவரைப் பழைய விதி ஏமாற்றிவிட்டது' என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சிறந்த ஆறு என்ற விதிதான் ஹாதோர்னின் 7 புள்ளிகளைக் கழித்து மோஸை அவ்வளவு அருகில் கொண்டுவந்தது. இன்றைய விதிகள் இருந்திருந்தால் ஹாதோர்ன் இன்னும் எளிதாகவே வென்றிருப்பார்.

இந்தக் கணக்கை ஓர் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். ஓட்டுநர்கள் தம் காலத்து விதியை அறிந்தே ஓட்டுகிறார்கள். காசாபிளாங்காவில் இரண்டாமிடம் போதும் என்பதால்தான் ஹாதோர்ன் மோஸைத் துரத்தி காரைப் பணயம் வைக்கவில்லை. வெற்றிக்கு அதிகப் புள்ளி இருந்திருந்தால் அவர் வேறு விதமாக ஓட்டியிருக்கக்கூடும். ஆகவே இது தீர்ப்பு அல்ல, ஒரு பயிற்சிக் கணக்கு மட்டுமே. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே முதலிடம் மாறும் என்பதை இது காட்டுகிறது. பல ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் இது எனக்குப் புதிதல்ல. இரண்டு மதிப்பெண் வினாக்களைக் கூட்டி, நெடுவினாக்களைக் குறைத்தால் வகுப்பில் முதல் மாணவர் மாறிவிடுவார். இரண்டு பேரில் எவருடைய அறிவும் அதனால் கூடிவிடவோ குறைந்துவிடவோ இல்லை.

மூவர் தரப்பு வாதங்கள்

ஹாதோர்ன் பக்கம் உள்ள நியாயம் வலுவானது. பத்துப் போட்டிகளில் எட்டை அவர் முடித்தார். ஒரு முதலிடம், ஐந்து இரண்டாமிடங்கள், ஒரு மூன்றாமிடம், ஓர் ஐந்தாமிடம். ஐந்து போட்டிகளில் அதிவேகச் சுற்று அவருடையது. மோஸுக்கு அது மூன்றுதான். தகுதிச் சுற்றில் முதலிடம் பெற்று வரிசையின் தலையில் நின்றது ஹாதோர்ன் நான்கு முறை, மோஸ் மூன்று முறை. ஆகவே மெதுவாக ஓட்டிப் புள்ளி சேர்த்தவர் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. அணித் தோழர்கள் இருவரைப் பறிகொடுத்த பிறகும் அவர் தொடர்ந்து இரண்டாமிடம் பெற்றார் என்பதையும் மறக்கக்கூடாது.

மோஸ் பக்கம் உள்ள வாதம் வேறு வகையானது. பத்தில் ஐந்து போட்டிகளையே அவர் முடித்தார். ஆனால் முடித்த ஐந்தில் நான்கு முறை முதலிடம், ஒருமுறை இரண்டாமிடம். இருவரும் சேர்ந்து முடித்த போட்டிகள் அர்ஜென்டினா, நெதர்லாந்து, பிரான்சு, போர்ச்சுகல், மொராக்கோ ஆகிய ஐந்து. அவற்றில் நான்கில் மோஸ் ஹாதோர்னுக்கு முன்னால் இருந்தார். சிறிய கூப்பரில் பெற்ற அர்ஜென்டினா வெற்றியை, காரின் பலத்தால் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அவருக்கு எதிராகச் சொல்லக்கூடியது ஸ்பாவின் கியர் பிழை. மற்ற நான்கு விலகல்களும் காரின் குறை. அது மட்டும் அவர் கையின் குறை.

மூன்றாமவரான புரூக்ஸைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பல் மருத்துவம் படித்து முடித்த அமைதியான மனிதர் அவர். அவர் வென்ற ஸ்பா, நூர்பர்க்ரிங், மோன்சா மூன்றும் அக்காலத்தின் மிகக் கடினமான, மிக வேகமான பாதைகள். நூர்பர்க்ரிங்கின் ஒரு சுற்று மட்டும் ஏறத்தாழ 22.8 கிலோமீட்டர். ஸ்பா 14 கிலோமீட்டருக்கும் மேல். வான்வால் காரில் மோஸும் புரூக்ஸும் ஒரே ஒன்பது போட்டிகளில் ஓட்டினார்கள். ஆளுக்கு மூன்று வெற்றி. ஒருவர் வென்றபோதெல்லாம் மற்றவர் ஓட்டத்தை முடிக்கவில்லை என்பதால், இருவரில் யார் மேல் என்பதை வெற்றிக் கணக்கால் சொல்ல முடியவில்லை. மற்ற போட்டிகளில் புரூக்ஸ் ஒரு புள்ளிகூடப் பெறாததால் அவருடைய மொத்தம் 24இல் நின்றது.

மதிப்பீடு

இந்த மூன்று தரப்பையும் எடை போடும்போது இரண்டு வினாக்களைத் தனித்தனியே வைக்க வேண்டும். பட்டத்துக்கு உரியவர் யார் என்பது ஒன்று. மிகச் சிறப்பாக ஓட்டியவர் யார் என்பது இன்னொன்று.

முதல் வினாவுக்கு விடை ஹாதோர்ன்தான். விதி எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். அந்த விதிக்குள் அதிகப் புள்ளி சேர்த்தவர் அவர். நூர்பர்க்ரிங்கின் கொடிய காட்சிக்கு மூன்று வாரம் கழித்து மீண்டும் காரில் உட்கார்ந்து இரண்டாமிடம் பெற்றவருக்கு, அந்தப் பட்டம் தற்செயலாகக் கிடைத்தது என்று சொல்வது நியாயமில்லை.

இரண்டாம் வினாவுக்கு என் விடை மோஸ். நேருக்கு நேர் நான்குக்கு ஒன்று என்ற கணக்கும், பியூனஸ் ஐரிஸில் அவர் காட்டிய திட்டமும் பொறுமையும், வென்றே ஆகவேண்டிய காசாபிளாங்காவில் ஒரு குறையும் இல்லாமல் ஓட்டியதும் என் காரணங்கள். ஸ்பா பிழையைக் கழித்த பிறகும் இவை மிஞ்சுகின்றன. தனித்தனிப் போட்டிகளாக எடுத்தால் நூர்பர்க்ரிங்கில் புரூக்ஸ் ஓட்டியதை அர்ஜென்டினாவில் மோஸ் ஓட்டியதற்குப் பக்கத்தில் வைக்கலாம். ஆனால் ஆண்டு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் மோஸின் கையே ஓங்குகிறது.

போர்ட்டோ சாட்சியத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மோஸை ஆதரிக்கும் பலர் அந்த நேர்மைக்காகவே அவரைச் சிறந்த ஓட்டுநர் என்கிறார்கள். அது சரியல்ல. பள்ளியை விட்டுப் போகும் மாணவருக்கு மதிப்பெண் பட்டியலும் நடத்தைச் சான்றிதழும் தனித்தனியாகத்தான் கொடுக்கிறோம். ஒன்றில் உள்ளதை மற்றொன்றில் எழுதுவதில்லை. மோஸ் அன்று நடுவர்களிடம் உண்மையைச் சொன்னதால் அவருடைய சுற்று நேரம் ஒரு விநாடிகூடக் குறையவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் உலகப் பட்டம் கிடைத்திருக்கக்கூடிய இடத்தில் ஒருவர் வாயைத் திறந்தார் என்பதற்கு எந்தப் புள்ளி முறையிலும் இடம் இல்லை. அதற்காக அது சிறியதாகிவிடாது.

பட்டியலில் இல்லாத இழப்பு

42, 41 என்ற எண்களைப் பற்றி வாதாடும்போது, அந்த ஆண்டின் விலையையும் சொல்லியாக வேண்டும். மே 30 அன்று இண்டியானாபொலிஸ் போட்டியின் முதல் சுற்றில் நடந்த பெரும் மோதலில் அமெரிக்கரான பேட் ஓ'கானர் இறந்தார். ரான்ஸில் முஸ்ஸோ, நூர்பர்க்ரிங்கில் காலின்ஸ். காசாபிளாங்காவில் லூயிஸ்-எவன்ஸின் கார் விபத்துக்குள்ளாகித் தீப்பிடித்தது. தீக்காயங்களோடு இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர் ஆறு நாள் கழித்து, அக்டோபர் 25 அன்று உயிரிழந்தார். ஒரே தொடரில் நான்கு உயிர்கள். இன்றுள்ளதுபோன்ற இருக்கைப் பட்டையோ, தீ தாங்கும் உடையோ, பாதையோரத் தடுப்புகளோ அன்று இல்லை.

தயாரிப்பாளர்களுக்கான முதல் கோப்பையை 48 புள்ளிகளோடு வான்வால் வென்றது. ஃபெராரிக்கு 40. ஆனால் தம் ஓட்டுநரின் மரணம் வாண்டர்வெல்லை உலுக்கிவிட்டது. உடல்நலமும் சரியில்லாத அவர், 1959 ஜனவரியில் அணியைப் பந்தயங்களிலிருந்து விலக்கிக்கொண்டார்.

பிந்தைய வாழ்க்கை

பட்டம் வென்ற கையோடு ஹாதோர்ன் பந்தயங்களிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார்.  1959 ஜனவரி 22 அன்று இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டு அருகே பொதுச் சாலையில் தம் ஜாகுவார் காரை ஓட்டிச் சென்றபோது விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 29.

மோஸ் 1955 முதல் 1958 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் இரண்டாமிடம் பெற்றார். 1962இல் குட்வுட் பாதையில் நேர்ந்த விபத்தோடு அவருடைய முதல்நிலைப் பந்தய வாழ்க்கை முடிந்தது. 66 உலகப் போட்டிகளில் 16 வெற்றி பெற்றும் ஒருமுறைகூடப் பட்டம் வெல்லவில்லை. பட்டம் வெல்லாத ஓட்டுநர்களில் தலைசிறந்தவர் என்றே அவரைக் குறிப்பிடுவார்கள். போர்ட்டோவில் சாட்சி சொன்னதற்காக வருந்தியதில்லை என்று பின்னாளில் அவர் சொல்லிவந்தார். 2020 ஏப்ரல் 12 அன்று தம் 90ஆம் வயதில் காலமானார். புரூக்ஸ் 2022 மே 3 அன்று மறைந்தார்.

பட்டியலில் 1958க்கு நேரே ஹாதோர்ன் பெயர்தான் இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். அதை ஒப்புக்கொண்டு, அந்த ஆண்டில் மற்ற இருவரும் எப்படி ஓட்டினார்கள் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்வதே மூவருக்கும் நாம் செய்யும் நியாயம்.